காற்றிழு வேலைப்பெட்டி

புகையும் தூசும் எழும் சிறு வேலைகளை முன்புறம் மட்டும் திறந்த பெட்டிக்குள் செய்து, அங்குள்ள காற்றை விசிறியால் வெளியே தள்ளும் அமைப்பு. ஆய்வுகூடப் புகைக்கூண்டின் எளிய வடிவம் இது. பழைய அலுமாரி, கழற்றிய ஜன்னல் கண்ணாடி, சமையலறை எக்ஸாஸ்ட் விசிறி, மிஞ்சிய பிவிசி குழாய் ஆகியவற்றைக் கொண்டே கட்டலாம்.

மன்னார்த் தீவின் பேசாலை, பள்ளிமுனை, தலைமன்னார்க் கரைகளில் இன்று எங்கும் கண்ணாடியிழைப் படகுகள். அடிப்பலகையை ஒட்டுபவர் வெட்டவெளியில் காற்று வரும் பக்கம் நின்றாலே பெரும்பாலும் போதும். உள்ளே செய்யும் வேலைதான் நெஞ்சைக் கெடுப்பது: விளக்கு வயருக்கு ஈயம் பற்றவைத்தல், சிறு துண்டுகளை அரத்தாள் போட்டுத் தேய்த்தல். தென்மேற்குச் சோளகக் காற்று மணலை அள்ளி வீசும் நாட்களில் கதவைச் சாத்தாமல் இவை நடவா. பற்றவைக்கும்போது எழும் புகையில் பெரும்பகுதி ஈயமல்ல, ரோசின் பிசின். அது ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது.

பெட்டியின் வாயும் விசிறியின் வலுவும் பொருந்த வேண்டும். புகைக்கூண்டு வாயில் காற்று விநாடிக்கு ஏறத்தாழ 0.5 மீட்டர் வேகத்தில் உட்செல்வது வழக்கம். 60 செ.மீ. அகலமும் 25 செ.மீ. உயரமும் கொண்ட வாய்க்கு மணிக்கு 270 கனமீட்டர் இழுப்பு தேவை. கணினியிலிருந்து கழற்றிய 12 செ.மீ. விசிறி அதற்குக் காணாது. எக்ஸாஸ்ட் விசிறியே வேண்டும். அதுவும் இல்லையென்றால் வாயைச் சுருக்குவதே வழி. ஊதுபத்தியை வாயின் நான்கு மூலைகளிலும் பிடித்துப் பார்த்தால், புகை எங்கும் உள்நோக்கி வளைய வேண்டும்.

கண்ணாடியிழையை ஒட்டும் ரெசின் இந்தப் பெட்டிக்குள் போகவே கூடாது. அதிலுள்ள ஸ்டைரீனின் ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு கனமானது. 31 பாகை செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஸ்டைரீன் ஆவியாகும். மன்னார் நண்பகலில் அந்தச் சூடு சாதாரணம். வீட்டு விசிறியின் ஆளியில் தெறிக்கும் ஒரு பொறி போதும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018இல் ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடிய சாத்தியம் மிகுந்த பொருள்களின் வகையில் சேர்த்தது.

2020இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சியும் ஜிம் ரோசென்தாலும் முன்வைத்த விசிறி-வடிகட்டிப் பெட்டி, கைக்கெட்டும் பொருள்களால் நல்ல காற்றுவடிப்பான் அமைக்கலாம் எனக் காட்டியது. ஆனால் அது தூசைப் பிடிக்குமே தவிர, ஸ்டைரீன் போன்ற ஆவியைப் பிடிக்காது.

வெளியேற்றுக் குழாயின் வாய் சோளகத்துக்கும் வாடைக்கும் எதிர்முகமாக இருக்கக் கூடாது. 2020 டிசம்பரில் 100 மெகாவாட் தம்பபவனி காற்றாலையை மன்னார்த் தீவின் தென்கரையில் நிறுவ வைத்த அதே காற்று, புகையை உள்ளே திருப்பித் தள்ளிவிடும். உப்பும் தூசும் படிந்து விசிறி இதழ்கள் கனத்தால் இழுப்புக் குறையும் என்பதால், மின்சாரத்தைத் துண்டித்து அவற்றை அடிக்கடி துடைக்க வேண்டும்.