பூச்சிகள் காட்டிக்கொடுத்த ரகசியம் - போர்ஷே 917

போர்ஷே 917 என்றாலே பந்தயக் கார் பிரியர்களுக்கு ஒரு மயக்கம். ஆனால் 1969-ல் அந்தக் காரில் ஏற போர்ஷேயின் சொந்த ஓட்டுநர்களே தயங்கினார்கள் என்றால் நம்புவீர்களா?

கதை 1968-ல் ஆரம்பிக்கிறது. 5 லிட்டர் வரை இன்ஜின் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தில் கலந்துகொள்ள குறைந்தது 50 கார்கள் தயாரித்திருக்க வேண்டும் என்ற விதியை 25 ஆகக் குறைத்தார்கள். அதுவரை சிறிய இன்ஜின்களோடு மல்லுக்கட்டிய போர்ஷேக்கு இது ஒரு வாய்ப்பு. பந்தயப் பிரிவின் தலைவர் பெர்டினாண்ட் பியெக் துணிந்து இறங்கினார். விலை 1,40,000 ஜெர்மன் மார்க். அந்தப் பணத்துக்கு அன்று பத்து 911 கார்கள் வாங்கலாம்! இப்படி 25 கார்களில் முதலைப் போட்டுவிட்டு அவை விற்காமல் போனால்? சின்ன நிறுவனத்துக்கு அது விளையாட்டான காரியம் இல்லை.

ஹான்ஸ் மெட்ஸ்கர் 4.5 லிட்டர், 12 சிலிண்டர் இன்ஜினை வடிவமைத்தார். குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது, காற்றுதான். எடையைக் குறைப்பதில் ஒரு வெறியே இருந்தது. அலுமினியக் குழாய்களால் ஆன சட்டத்தின் எடை வெறும் 42 கிலோ. கியர் குமிழ் கூட பால்சா மரம். குழாய்களுக்குள் வாயுவை அடைத்து வைத்தார்கள். அழுத்தம் குறைந்தால் எங்கோ விரிசல் என்று அர்த்தம். (இதைத் தெரிந்துகொண்டே ஓட்டுபவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.)

மார்ச் 1969-ல் ஆய்வாளர்கள் வந்தபோது மூன்று கார்கள்தான் முழுமையாக இருந்தன. மற்றவை பாதியிலும், உதிரி பாகங்களாகவும் கிடந்தன. "செல்லாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சரக்கு இருப்பைச் சரிபார்க்க வரும் ஆடிட்டர் மாதிரிதான்! அலுவலக ஊழியர்கள் வரை ஆளாளுக்குக் கை கொடுத்து, ஏப்ரலில் 25 கார்களையும் வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள்.

அவசரத்தில் செய்தது பாதையில் தெரிந்தது. அதிவேகத்தில் காரின் பின்பக்கம் தரையில் நிற்காமல் அலைபாய்ந்தது. நியூர்பர்க்ரிங்கில் போர்ஷேயின் ஓட்டுநர்கள் மறுத்துவிட, வெளியிலிருந்து இருவரை அழைத்து ஓட்ட வைத்தார்கள். ஜூனில் லெ மான்ஸ் பந்தயத்தின் முதல் சுற்றிலேயே, தனியாக ஒரு 917 வாங்கி ஓட்டிய ஜான் வுல்ஃப் விபத்தில் இறந்தார்.

அக்டோபரில் ஆஸ்திரியாவில் சோதனை. அங்கே ஜான் வையர் அணியின் பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன் ஒன்றைக் கவனித்தார். காரின் உடம்பெல்லாம் பூச்சிகள் அடிபட்டு ஒட்டியிருந்தன. பின்னால் இருந்த தகட்டில் மட்டும் எதுவும் இல்லை. அப்படியானால் காற்று அந்தத் தகட்டைத் தொடவே இல்லை! உடனே அலுமினியத் தகடுகளை வெட்டி, டேப் போட்டு ஒட்டி வாலை உயர்த்தினார்கள். ஓட்டிவிட்டு வந்தவர்களின் முகத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. ஆயிரம் கணக்குப் போட்டும் பிடிபடாத கோளாறு!

1970 ஜூன் 14-ல், மழையில் நடந்த லெ மான்ஸில், ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் அட்வுட்டும் சிவப்பு வெள்ளை 917-ல் போர்ஷேக்கு அங்கே முதல் ஒட்டுமொத்த வெற்றியைத் தேடித்தந்தார்கள். அடுத்த வருஷமும் 917-க்கே வெற்றி. 24 மணி நேரத்தில் 5,335 கிலோமீட்டர். 1972-ல் இன்ஜின் வரம்பை 3 லிட்டராக்கி 917-ஐ வெளியே அனுப்பினார்கள். அந்தத் தூர சாதனை மட்டும் 2010 வரை அசையவில்லை.