டீசலில் ஊற்றும் போத்தல் எதைச் செய்யும், எதைச் செய்யாது?

வாகன உதிரிப்பாகக் கடைகளின் கண்ணாடி அலுமாரியில் சிறிய போத்தல்கள் வரிசையாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். டீசல் தாங்கிக்குள் ஊற்றினால் இழுவை கூடும், புகை குறையும், டீசல் மிஞ்சும் என்கிறார்கள். லீசிங் தவணைக்கும் டீசல் விலைக்கும் நடுவில் உழவு இயந்திரம் ஓட்டுகிற ஒருவருக்கு அது சின்ன ஆசை அல்ல. இதை எழுதுவதற்காகக் கிளிநொச்சிப் பக்கம் சில கராச்களில் விசாரித்தேன். அங்கே பேச்சு போத்தலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்குப் போய்விட்டது.

காரணம் எங்களுக்குத் தெரிந்ததுதான். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை பெற்றோலைக் கண்ணில் காணாத பொருளாக்கியது. சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. பழைய ஏ-40 கார்களும் அப்படியே ஓடின. எங்களுடைய மெக்கானிக்குகளின் கெட்டித்தனம் அது, அதில் ஐயமில்லை. ஆனால் அவை தீப்பொறியால் பற்றவைக்கும், அமுக்கம் குறைந்த இஞ்சின்கள். அங்கே கற்ற பாடத்தை டீசல் இஞ்சினுக்குக் கொண்டுவரும்போதுதான் பிழைக்கிறது.

டீசல் இஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை அமுக்கி 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, அதற்குள் டீசலைப் பீச்சுகிறார்கள். அது தானாகப் பற்றுகிறது. பீச்சும் பம்புகள் பலவற்றுக்குத் தனியாக ஒயில் கிடையாது. பல பம்புகளில் உள்ளே ஓடும் டீசலே ஒயிலின் வேலையையும் செய்கிறது. உலக்கைக்கும் அதன் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரோன்தான், தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு அளவு. மண்ணெண்ணெய் டீசலைவிட மெல்லியது, வழுக்கும் தன்மையும் குறைந்தது. கலந்த அன்று இஞ்சின் ஓடும். பம்ப் மெதுவாகத் தேயும். அதனால்தான் கலப்படம் செய்தவருக்கும் பம்ப் மாற்றுகிறவருக்கும் இடையிலுள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

2022 ஓகஸ்டில் ஒட்டோ டீசல் லீற்றர் 430 ரூபா, மண்ணெண்ணெய் 87 ரூபா. அந்த இடைவெளி எத்தனை தாங்கிகளில் கலவையாகியிருக்கும் என்று யாரும் எண்ணவில்லை. அதே மாதம் மண்ணெண்ணெய் 340 ரூபாவாக உயர்ந்தது. கலப்படக்காரரைவிட, வெளியிணைப்பு இயந்திரத்தில் தொழிலுக்குப் போன மீனவர்களுக்கே அது பெரிய அடி.

இனிப் போத்தலுக்கு வருவோம். எல்லாம் ஒன்றல்ல. ஒரு வகை சீட்டேன் எண்ணைக் கூட்டுவது, அதாவது டீசலை விரைவாகப் பற்றவைப்பது. அதில் பெரும்பாலும் இருப்பது எதைல்ஹெக்சைல் நைத்திரேற்று. காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்து, வெள்ளைப் புகை விட்டு, தட்டும் சத்தத்தோடு ஓடும் இஞ்சினில், காரணம் டீசலின் தரம் என்றால் இது உதவும். ஏற்கெனவே நல்ல டீசல் என்றால் வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது வகை இன்ஜெக்டரைக் கழுவுவது. இன்ஜெக்டரின் வாயில் கரி படிந்தால் டீசல் தூவலாக விழாமல் ஒழுகும். இழுவை குறையும், கரும்புகை வரும். கழுவும் மருந்து இந்தப் படிவை மெதுவாக எடுக்கும். இழந்த இழுவை திரும்புமே தவிர, புதிய இழுவை பிறக்காது.

மூன்றாவது வகை உராய்வைக் குறைப்பது. டீசலிலிருந்து கந்தகத்தை நீக்கும்போது இயற்கையான வழுக்கும் பொருட்களும் போய்விடும். 1990களின் தொடக்கத்தில் சுவீடனில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது பம்புகள் பழுதாகின. அதன்பின் அந்த மருந்தை எண்ணெய் நிறுவனங்களே சேர்க்கின்றன. ஆகவே தரமான டீசலுக்கு மேலதிகமாகத் தேவையில்லை. சிலர் 2ரீ ஒயில் ஊற்றுகிறார்கள். பழைய லாண்ட்மாஸ்டர் அதைப் பொறுத்துக்கொள்ளும். புகை வடிகட்டி பூட்டிய புதிய வாகனத்துக்கு வேண்டாம். கழித்த இஞ்சின் ஒயிலை எதற்குள்ளும் ஊற்றாதீர்கள்.

தண்ணீரை நீக்கும் போத்தலில்தான் அதிக கவனம் வேண்டும். சில மருந்துகள் தண்ணீரைப் பிரித்து அடியில் படியவைக்கும், அதைத் திறந்துவிடலாம். வேறு சில தண்ணீரை டீசலோடு கலந்து இன்ஜெக்டருக்கே அனுப்பும். 1,500 பாருக்கு மேல் அழுத்தத்தில் பீச்சும் கொமன் ரெயில் இஞ்சினுக்கு அது ஆபத்து. எது எந்த வகை என்பது லேபலில் இருக்கும். நான் பார்த்த போத்தல்களின் லேபல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழில் ஒரு வரிகூட இல்லை. வாங்குகிறவர் கடைக்காரரின் வாயை நம்ப வேண்டியிருக்கிறது.

டீசல் மிஞ்சும் என்பதைக் கணக்கால் பார்க்கலாம். 60 லீற்றருக்கு 300 மில்லிலீற்றர் என்றால் அரை வீதம். போத்தல் முழுவதும் சுத்த டீசலாக இருந்தாலும் அந்த அரை வீதச் சக்திக்கு மேல் வராது. எரியாமல் போவதை எரிக்கிறது என்பார்கள். ஒழுங்காக ஓடும் டீசல் இஞ்சின் டீசலில் 98 வீதத்துக்கு மேல் ஏற்கெனவே எரித்துவிடுகிறது. மிச்சம் இரண்டு வீதமும் இல்லாத இடத்தில் 15 வீதம் எங்கிருந்து வரும்? அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் எரிபொருள் மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களையும் மருந்துகளையும் சோதித்தது. பயன் காட்டியவை மிகச் சில, அதுவும் சிறிதளவே.

காசு கொடுக்குமுன் புகையைப் பாருங்கள். கரும்புகை என்றால் முதலில் காற்று வடிகட்டி. எங்கள் கிறவல் வீதிப் புழுதியில் அது விரைவில் அடைத்துவிடும். நீலப்புகை என்றால் இஞ்சின் ஒயில் எரிகிறது. அது ரிங் தேய்ந்த நோயாக இருக்கலாம், டீசல் போத்தலால் தீராது. வெள்ளைப்புகை இஞ்சின் சூடான பிறகும் நின்றால் தண்ணீர், அமுக்கம், பீச்சும் நேரம் மூன்றையும் பார்க்க வேண்டும்.

2022 வரிசைகளுக்குப் பிறகு பலர் கானிலும் பரலிலும் டீசல் சேமித்து வைக்கிறார்கள். அரைவாசி வெறுமையான பரலில் இரவில் ஈரம் படிந்து அடியில் தண்ணீராகும். அங்கே நுண்ணுயிர் வளர்ந்து வடிகட்டியை வழுவழுப்பாக அடைக்கும். பரலை நிழலில், மூடி இறுக்கி, சற்றுச் சரித்து வையுங்கள். அடியிலுள்ள கடைசி ஓரிரு லீற்றரை இஞ்சினுக்குக் கொடுக்காதீர்கள். வடிகட்டிக்குக் கீழேயுள்ள திருகாணியைக் காலையில், இஞ்சினைத் தொடமுன், தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும்.