கடல் இல்லாத நாடு - புதுக்கோட்டை சமஸ்தானத்தின் கதை

கடலூர், சிதம்பரம் பக்கம் உள்ளவர்களுக்குக் கடல் ஒரு அதிசயமே இல்லை. தேவனாம்பட்டினத்துக்கோ பரங்கிப்பேட்டைக்கோ பஸ் ஏறினால் போதும். ஆனால் இந்தக் கடலுக்காகத்தான் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் இங்கே வந்து குடியேறினார்கள். 1690-ல் மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனி, அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது. துணி வியாபாரம், கப்பல், கோட்டை, போர் எல்லாமே கடல் வழியாக வந்தவை.

சரி, கடலே இல்லாத ஒரு நாடு எப்படிப் பிழைக்கும்? இந்தக் கேள்விக்கு நேபாளத்தையோ ஆப்பிரிக்காவையோ தேடிப் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலேயே அப்படி ஒரு குட்டி நாடு 1948 வரை இருந்தது. அதுதான் புதுக்கோட்டை சமஸ்தானம்.

சிதம்பரத்துக்கு வடக்கே ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அதே பெயரில் தெற்கே இன்னொரு வெள்ளாறு இருக்கிறது. அது புதுக்கோட்டை வழியாக ஓடி, மணமேல்குடி அருகே கடலைச் சேர்கிறது. ஆறு கடலுக்குப் போனது, நாடு போகவில்லை. கடலுக்கு முன்பே சமஸ்தானத்தின் எல்லை முடிந்துவிட்டது!

மூன்று பக்கமும் ஒரே ஆள்

17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் ஆதரவோடு தொண்டைமான்கள் இந்த அரசை உருவாக்கினார்கள். திருச்சி, தஞ்சாவூர், ராமநாதபுரம் ஆகிய மூன்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட வறண்ட பூமி. 1901 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 3,80,000. காவிரிப் பாசனம் கிடையாது. மழை பெய்து கண்மாய் நிறைந்தால் சோறு, இல்லாவிட்டால் பஞ்சம்.

இப்படிப்பட்ட சிறிய அரசுக்கு முக்கியமான முடிவு ஒன்றே ஒன்றுதான்: யாரோடு சேர்வது? 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் 1752 வரை ஆங்கிலேயரின் தலைமையிடமாக இருந்தது கடலூர்க் கோட்டைதான். அந்தக் காலத்தில் நடந்த கர்நாடகப் போர்களில் தொண்டைமான் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். திருச்சியைப் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையிட்டபோது ஆங்கிலப் படைக்கு உணவு தானியம் அனுப்பினார். 1799-ல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததும் தொண்டைமானின் ஆட்களே. அந்தப் பழி இன்றும் பேசப்படுகிறது.

இதற்குக் கிடைத்த பலன் என்ன? கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த பகுதியும் 1803-ல் கிடைத்தன. அதற்குக் கப்பம் வருடத்துக்கு ஒரு யானை! அதையும் கம்பெனி ஒருபோதும் வற்புறுத்திக் கேட்கவில்லை. சுற்றியிருந்த பாளையங்கள் ஒவ்வொன்றாக மறைந்தபோது புதுக்கோட்டை மட்டும் தனி அரசாகப் பிழைத்தது. ஆனால் முன்பு மூன்று அண்டை அரசுகள் இருந்த இடத்தில் இப்போது எல்லாப் பக்கமும் ஒரே ஆள், ஆங்கிலேயர்.

உப்புக்கு விலை 38,000 ரூபாய்

கடல் இல்லாத நாட்டின் கஷ்டம் உப்பில் தெரியும். புதுக்கோட்டை மக்கள் உவர் மண்ணிலிருந்து உப்பு எடுத்து வந்தார்கள். சுற்றியிருந்த ஆங்கிலேயர் பகுதியிலோ உப்புக்கு வரி. வரியில்லாத உப்பு எல்லை தாண்டி வந்தால் ஆங்கிலேயரின் வருமானம் போய்விடும் அல்லவா? அதனால் 1887-ல் மண் உப்புத் தொழில் நிறுத்தப்பட்டது. ஈடாக அரசருக்கு வருடம் 38,000 ரூபாய் கொடுக்க ஒப்பந்தம் ஆனது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பணம் போனது கஜானாவுக்கு. வேலை போனது உப்பு எடுத்தவர்களுக்கு. விலை கொடுத்து உப்பு வாங்கியது பொதுமக்கள்.

தென்னாப்பிரிக்காவால் முழுக்கச் சூழப்பட்ட லெசோதோவும் இதே நிலையில் உள்ள நாடுதான். 1910-ல் ஏற்பட்ட சுங்க ஒன்றியத்தின் மூலம் வரும் பங்குப் பணம் அதன் அரசாங்கத்துக்கு முக்கியமான வருமானம். பெரிய அண்டை நாடு வரியைத் தீர்மானிக்கும், சின்ன நாடு பங்கை வாங்கிக்கொள்ளும்.

சேஷய்யா சாஸ்திரியின் சீர்திருத்தம்

1878-ல் திவானாக வந்த சேஷய்யா சாஸ்திரி அதற்கு முன் திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர். 1894 வரை அவர் இங்கே செய்த மாற்றங்கள் பெரியவை. விளைச்சலை அரசும் குடியானவரும் பங்கு போட்டுக்கொள்ளும் அமானி முறையை ஒழித்துப் பண வரியாக மாற்றினார். இனாம் நிலங்களை வரையறை செய்தார். நகரத்தைத் திருத்தி அமைத்தார், குளங்களைச் சீர்செய்தார். புதுக்கோட்டைக்குச் சொந்தக் காசும் இருந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. அம்மன் காசு என்று பெயர். இருபது காசு சேர்ந்தால் ஒரு அணா.

ஆனால் அதிகாரம் அரசரிடமும் திவானிடமுமே இருந்தது. மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்கைத் திருமணம் செய்தார். ஆங்கிலேயர் அந்தத் திருமணத்தை அங்கீகரிக்கவில்லை. அரசர் வெளிநாட்டிலேயே தங்கி 1928-ல் பாரிஸில் இறந்தார். தன் அரசி யார், வாரிசு யார் என்று முடிவு செய்யக்கூட அந்தத் தனி அரசுக்கு உரிமை இல்லை! அடுத்து பட்டத்துக்கு வந்தவர் சிறுவனான ராஜகோபாலத் தொண்டைமான். நிர்வாகம் அதிகாரிகள் கையில் இருந்தது. 1931 ஜூலையில் நகராட்சி வரிகளை எதிர்த்துப் புதுக்கோட்டை நகரில் பெரும் கலவரம் வெடித்தது.

இந்த மண் நல்ல தலைவர்களைத் தராமல் இல்லை. திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தியும், மகாராஜா கல்லூரியில் படித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் புதுக்கோட்டைக்காரர்கள்தான். ஆனால் இருவரும் பெயர் பெற்றது சென்னையில்.

முடிவாக

1948 மார்ச் 3-ம் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதி ஆனது. 1974 ஜனவரி 14-ல் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனபோது தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்த அறந்தாங்கிப் பகுதியும் சேர்க்கப்பட்டது. அதோடு ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களும் வந்தன.

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அரசாக இருந்தபோது கிடைக்காத கடல், அரசு போன பிறகு ஒரு மாவட்ட எல்லைக்கோடு மாறியதில் கிடைத்துவிட்டது. தனி நாடு என்ற பெயர் புதுக்கோட்டை அரசரைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் உப்பு எடுத்தவருக்கும் வரி கட்டியவருக்கும் அந்தப் பெயரால் என்ன கிடைத்தது? ஒரு சிறிய நாட்டின் வரலாற்றைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.