பிரிவு 42இல் நீக்கப்பட்ட தொடர்: ஆம்பூர்த் தோல் வணிகமும் டிஜிட்டல் கையொப்பப் பொறுப்பும்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் நிறுவனங்களில் பங்குதாரரின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் அவர் கையில் இருப்பது அரிது. பெரும்பாலும் ஆடிட்டர் அலுவலகத்திலோ கணக்கரின் மேசையிலோ இருக்கும். பின் எண்ணும் கூடவே போயிருக்கும். இதைச் சிறுநகர வணிகரின் அறியாமையாகக் கொண்டு, விழிப்புணர்வு முகாம்களால் தீரும் என்று சொல்லும் ஆய்வுப்போக்கு ஒன்று நிலைபெற்றுவிட்டது. அதற்குச் சட்ட ஆதாரமாக நிற்பது 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவு. அந்தப் பிரிவின் வரலாற்றைப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது.

முதலில் நிறைவேறிய வடிவில் அப்பிரிவின் முதல் உட்பிரிவு இரண்டு கடமைகளை விதித்தது. சான்றிதழ் பெற்றவர் தம் தனிச்சாவியைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க நியாயமான கவனம் செலுத்த வேண்டும். தம் கையொப்பத்தை இட அதிகாரம் பெறாத ஒருவரிடம் அது வெளிப்படாமலும் தடுக்க வேண்டும். அதிகாரம் பெறாதவரை மட்டும் விலக்கும் சட்டம், அதிகாரம் பெற்ற ஒருவர் இருக்கலாம் என்பதை ஏற்கிறது. 2002 செப்டம்பர் 19ஆம் நாளிட்ட இடர்நீக்க ஆணை இந்தத் தொடரை எடுத்துவிட்டது. இன்றுள்ள வாசகத்தின்படி சாவி எவரிடமும் வெளிப்படக்கூடாது.

இந்த நீக்கத்தை வரைவுச் சீரமைப்பு என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஆணையின் வாசகத்தை மட்டும் வைத்து அதன் நோக்கத்தை உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை ஏற்கிறேன். மறையீட்டு நோக்கில் நீக்கம் சரியானதும்கூட: ஒரு தனிச்சாவி இருவரிடம் இருந்தால் கையொப்பம் யாருடையது என்று கணிதம் சொல்லாது. ஆனால் விளைவு வேறு. பதிலாள் கையொப்பமிடும் தேவை வணிகத்தில் அப்படியே இருந்தது. அதற்குச் சட்டம் தந்த ஒரே ஒப்புதல்தான் போயிற்று. அதே சட்டத்தின் 1(4) பிரிவு அதிகாரப் பத்திரத்தை மின்னணு வடிவத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தது. 2022இல் வந்த தளர்வு, நிதித்துறை ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனங்களுக்கு எழுதித்தரும் பத்திரங்களைச் சார்ந்தது. அண்ணன் தம்பிகள் நடத்தும் ஒரு தோல் மண்டிக்கு அதனால் பயனில்லை. காகிதத்தில் 'பவர்' எழுதிக் கொடுத்துப் பழகிய வணிகர், மின்னணுவில் அதற்கு ஈடாகக் கண்டது பின் எண்ணை மட்டுமே.

இதே இடைவெளி மென்பொருளிலும் இருக்கிறது. டோக்கனோடு பேசும் நிரல்கூறுகள் பிகேசிஎஸ் 11 இடைமுகத்தைச் சார்ந்தவை. அதில் அடிப்படையாக இரண்டு பாத்திரங்கள்தான்: பாதுகாப்பு அலுவலர், பயனர். பின் எண் பொருந்தினால் வந்தவர் பயனர். அவர் பங்குதாரரா கணக்கரா, எந்த ஆவணத்துக்கு, எந்தத் தேதிவரை என்று கேட்க அங்கே வழியில்லை. கையொப்பக் கட்டளைக்கு வந்துசேர்வது பெரும்பாலும் ஆவணத்தின் ஹாஷ் மதிப்புதான். அது ஏற்றுமதி விண்ணப்பமா, காலணித் தொழிற்சாலைப் பெண்ணின் வருங்கால வைப்புநிதி விவரத்துக்கான ஒப்புதலா என்பது டோக்கனுக்குத் தெரியாது. 2004இன் 2.20 பதிப்பு, கையொப்பத்துக்குக் கையொப்பம் பின் எண் கேட்கும் பண்பைச் சேர்த்தது. கேட்கப்படுவது அதே எண்தான். தருபவர் எவராகவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 2015இல் குரோம் உலாவி பழைய செருகுநிரல்களைக் கைவிட்டதும், ஜாவா ஆப்லெட்டை நம்பியிருந்த தளங்கள் கணினியில் நிறுவும் கையொப்பச் செயலிகளுக்கு மாறின. டோக்கன் டிரைவர், செயலி, உலாவி மூன்றும் ஒத்துப்போகும் கணினி ஆடிட்டரிடம் தயாராக இருக்கும். டோக்கன் அங்கே போய்ச் சேர்வதற்கு அறியாமையைவிட இதுவே நேரான காரணம்.

மேலாளர் பெயரில் தனிச் சான்றிதழ் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம், ஆனால் இந்த மாதத்துக்கு, இந்த விண்ணப்பத்துக்கு மட்டும் என்ற வரம்பை அது சுமப்பதில்லை. ஆதார் இ-சைன் வந்துவிட்டதே என்பதும் பதிலாகாது: ஓடிபியைத் தொலைபேசியில் கேட்டு வாங்குவது டோக்கனை வாங்குவதைவிட எளிது. தொழில்நுட்பம் இல்லை என்ற சமாதானமும் எடுபடாது. நீக்கத்துக்கு ஐந்து மாதம் முன்பே, 2002 ஏப்ரலில், ஆர்எஃப்சி 3281 வெளியாகிவிட்டது. அடையாளத்தை ஒரு சான்றிதழும், அதிகாரத்தைக் குறுகிய ஆயுளுள்ள இன்னொரு பண்புச் சான்றிதழும் சுமக்கும் முறையை அது வரையறுத்தது. கணக்கர் தம் சாவியால் கையொப்பமிட்டு, பங்குதாரர் தந்த அதிகாரத்தை உடன் இணைக்க அதுவே போதும்.

இது ஏட்டளவிலான குறை அல்ல. சாட்சியச் சட்டத்தின் 85பி பிரிவும், அதன் இடத்தில் வந்துள்ள 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதியும், பாதுகாப்பான மின்னணுக் கையொப்பத்தைச் சான்றிதழ் பெற்றவரே மனமறிந்து இட்டார் என்று நீதிமன்றம் அனுமானிக்கச் சொல்கின்றன. அப்படியில்லை என நிரூபிப்பது அவர் பொறுப்பு. கணக்கர் இட்ட தவறான ஒப்புதலுக்குப் பங்குதாரர் பதில் சொல்ல நேரும்போது, இட்டவர் வேறொருவர் என்று காட்ட அந்தக் கையொப்பத்தில் எந்தத் தடயமும் இராது. சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர் பண்புச் சான்றிதழுக்கு விதி வகுத்து, அரசுத் தளங்களின் கையொப்பச் செயலிகள் அதைச் சரிபார்க்கும்வரை, ஆம்பூர் வணிகரைக் குற்றவாளியாக்கும் வாசிப்புக்கு 42ஆம் பிரிவில் ஆதாரம் தேடுவது நியாயமல்ல.