மூக்கில்லாத ஜீப்

 கல்வராயன் மலைச்சாலைகளுக்கு ஏற்றது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. அந்த இனத்தில் தனி அழகு மஹிந்திரா எஃப்.சி.150 பிக்கப்புக்கு உண்டு.

வில்லிஸ் நிறுவனம் 1956 டிசம்பரில் அறிமுகப்படுத்திய வடிவம் அது. அமெரிக்காவில் 1965-இல் தயாரிப்பு நின்றது. இந்தியாவில் மஹிந்திரா அதைத் தொடர்ந்தது.

பானெட் கிடையாது. டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே, ஒரு மூடிக்குக் கீழே என்ஜின். சுமார் 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர் ஹரிக்கேன்: காற்றும் பெட்ரோலும் புகும் வால்வு ஹெட்டில், புகை வெளியேறும் வால்வு பிளாக்கில். வால்வு இடைவெளி சரிசெய்ய, ஒன்றை மேலிருந்தும் மற்றொன்றைப் பக்கவாட்டு மூடியைக் கழற்றியும் பார்க்க வேண்டும். இதற்காகவே இவ்வண்டியை விரும்பலாம்.

வீட்டுப் பட்டறையில் இதை மீட்பவருக்கு என்ஜின் வேலை பெரிய பாரமல்ல. பல பாகங்கள் சாதாரண ஜீப்புக்கும் பொதுவானவை. கேபின் தகடுதான் சோதனை. துருவேறிய கதவடியையும் தரைத்தகட்டையும் வெட்டி எடுத்து, புதுத் தகட்டை அளவெடுத்து வளைத்துப் பற்றவைக்க, கை தேர்ந்த டிங்கர் வேண்டும். கண்ணாடிச் சட்டம் ஒரு நூல் பிசகினாலும் மழைநீர் உள்ளே இறங்கும்.