பதிவேட்டில் முடங்கிய சமூகம்: பி.எட். பயிற்சியும் ஊர்த்தொடர்பும்

பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவரின் பையைத் திறந்தால் பாதி எடை பதிவேடுகளாகவே இருக்கும். பாடத்திட்டப் பதிவேடு, துணைக்கருவிப் பதிவேடு, தேர்வும் மதிப்பீடும் குறித்து ஒன்று, தனியாள் ஆய்வுக்கு ஒன்று, குடிமைப் பயிற்சி முகாமுக்கு ஒன்று. பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு எழுதி, செய்முறைத் தேர்வன்று புறத்தேர்வாளரின் மேசையில் அடுக்கிவைப்பார்கள். அந்த அடுக்கில் மெலிந்த ஒரு நோட்டில்தான் ‘சமூகம்’ இருக்கிறது. மரக்கன்று நட்ட படம், பேரணிப் படம், ஊராட்சித் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தும் படம். நோட்டு கையெழுத்தாகித் திரும்பியதும் ஊருக்கும் வருங்கால ஆசிரியருக்கும் இருந்த உறவு தீர்ந்துபோகிறது.

ஆசிரியப் பயிற்சியில் தொழில்திறன் வளர்ச்சியும் சமூக ஈடுபாடும் இரண்டு தனித்தனிக் கடமைகளாக நடத்தப்படுகின்றன. முதலாவது வகுப்பறைக்கு உரியதாம். இரண்டாவது விடுமுறை நாளில் ஆற்றும் தொண்டாம். இந்தப் பிரிவினையே பிழையானது என்பது இக்கட்டுரையின் வாதம். குழந்தை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று அறிவதும் கற்பித்தல் திறனின் ஒரு பகுதிதான். அதைத் தொண்டுக் கணக்கில் எழுதியதால் தொண்டும் நடக்கவில்லை, திறனும் வளரவில்லை.

கேள்வி புதிதல்ல. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, ஊரின் கைத்தொழிலையே பாடத்தின் நடுவில் வைத்தது. 1964-66இல் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, ஆசிரியப் பயிற்சி நிறுவனங்கள் பல்கலைக்கழக வாழ்விலிருந்தும் பள்ளிகளின் அன்றாடத்திலிருந்தும் தமக்குள் ஒன்றிலிருந்து ஒன்றும் தனித்துக் கிடக்கின்றன என்று சுட்டியது. நான்காவதாக ஊரிலிருந்து தனித்துக் கிடப்பதையும் சேர்த்திருக்கலாம்.

உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் அறிக்கை அளித்தது. பணிக்கு முந்தைய ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் அரசு சாராதவை என்பது அதில் வெளிப்பட்ட உண்மைகளுள் ஒன்று. அதைத் தொடர்ந்து தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளைக் கொண்டுவந்தது. ஓராண்டு பி.எட். ஈராண்டானது. முன்பு தமிழ்நாட்டில் 40 நாள் என்றிருந்த கற்பித்தல் பயிற்சி 20 வாரப் பள்ளிப் பயிற்சியாக நீண்டது: முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம். கல்வியின் அடிப்படைகள், பாடமும் கற்பித்தல் முறையும் ஆகிய பிரிவுகளோடு ‘களத்தோடு உறவு’ என்பதும் பாடத்திட்டத்தின் மூன்றாவது பெரும் பிரிவானது. பள்ளி, குழந்தை, சமூகம் மூன்றையும் சேர்த்தே அந்தப் பிரிவு பேசுகிறது. ஆக, காகிதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை.

நடைமுறைக்கு வந்தால் அந்த 16 வாரம் எங்கே போகிறது? பயிற்சிக்கு வரும் மாணவ ஆசிரியரைப் பள்ளி முதலில் பார்ப்பது காலிப் பணியிடத்தை நிரப்ப வந்த ஆளாகத்தான். ஆசிரியர் விடுப்பில் போன வகுப்புக்கு அனுப்புவார்கள். விடைத்தாள் திருத்தவும் இணையத்தில் விவரம் ஏற்றவும் உட்கார வைப்பார்கள். தலைமையாசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களுக்கும் கை போதவில்லை. மாலை மணி அடித்ததும் மாணவ ஆசிரியருக்கு ஊர் திரும்பும் பேருந்தைப் பிடிக்கும் அவசரம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும்போது அவர் பெரும்பாலும் அங்கே இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவுப்படி அந்தக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். வருங்காலத்தில் அவர் தினமும் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்களை ஒருமுறைகூட எதிரில் உட்கார்ந்து கேட்காமலே பட்டம் வாங்கிவிட முடிகிறது.

இன்னொரு பக்கம் ஆசிரியர் தகுதித் தேர்வு. 150 மதிப்பெண், எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினா. பி.எட். மாணவர்களிடம் ‘தொழில் வளர்ச்சி’ என்று சொன்னால் பலருக்கு நினைவுக்கு வருவது வார இறுதிப் பயிற்சி மையம். பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்பதை நான்கு விடைகளுக்குள் அடக்கிச் சோதிக்க முடியாது; சோதிக்க முடியாததை மாணவர் படிக்கப்போவதுமில்லை.

பெற்றோரும் தெருவும் பாடத்துக்கு எதைத் தர முடியும்? அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரில் லூயிஸ் மோல் குழுவினர் செய்து 1992இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. ஆசிரியர்களே மெக்சிகோ வழிவந்த உழைப்பாளிக் குடும்பங்களின் வீடுகளுக்குப் போனார்கள். போனது புகார் சொல்லவோ அறிவுரை வழங்கவோ அல்ல. ஆய்வாளரைப்போலக் கேட்டு எழுதிக்கொள்ள. ஒரு சிறுவன் எல்லைக்கு அப்பாலிருந்து வரும் மிட்டாயை அக்கம்பக்கத்தில் விற்பது தெரியவந்தது. ஆசிரியை அந்த மிட்டாயையே பாடமாக்கினார். இரு நாட்டு மிட்டாய்களின் சேர்மானங்களைப் பிள்ளைகள் ஒப்பிட்டார்கள். ஒரு தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்து காட்டினார். வீடுகளுக்குப் போனவர்கள் பணியில் இருந்த ஆசிரியர்கள், பயிற்சி மாணவர்கள் அல்லர் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அந்த முறையைப் பழகுவதற்கு ஏற்ற பருவம் பயிற்சிக் காலமே.

அதே கண்ணோடு தென்காசிப் பக்கத்துக் கிராமத்து வீடு ஒன்றைப் பார்க்கலாம். திண்ணையில் முறத்தை மடியில் வைத்துத் தாய் பீடி சுற்றுகிறார்; ஏழாம் வகுப்புப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கட்டுகிறாள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. கடையில் கொடுத்த இலை பற்றாமல் போனால் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். சுற்றிக் கொண்டுபோனதில் ‘சரியில்லை’ என்று கழித்துப் போடுவதும் உண்டு. விகிதம், சதவீதம், லாப நட்டம் எல்லாம் அந்த முறத்தில் கிடக்கின்றன. சதவீதக் கணக்கில் தடுமாறுகிறாள் என்று தனியாள் ஆய்வு நோட்டில் எழுதப்படும் பெண், ஆயிரத்துக்கு எத்தனை கழிந்தது, கூலியில் எவ்வளவு போனது என்று வாய்க்கணக்காகவே சொல்லக்கூடும். இதைக் கண்டுகொள்ளும் மாணவ ஆசிரியரின் மறுநாள் பாடத்திட்டம் மாறும். அவள் மாலையில் ஏன் வீட்டுப்பாடம் எழுதுவதில்லை என்பதும் விளங்கும்.

உள்ளூர்த் தொடர்பின் பலனுக்கு எண்ணிக்கையிலும் சான்று உண்டு. கொரோனாவுக்குப் பின் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் அதே தெருவில் வாழும் பெண்கள்; மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். பொருளியலாளர்கள் அபிஜித் சிங், மௌரீசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் செய்த ஆய்வின்படி, பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரு பங்கு மீண்டது; அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இத்திட்டத்தால் விளைந்தது. அந்தப் பெண்களிடம் இருந்தது தெருவின் பரிச்சயம். மாணவ ஆசிரியரிடம் இருப்பது கற்பித்தல் முறை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்பதே பயிற்சிக் கல்லூரிகள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

முன்னுதாரணங்களும் இங்கேயே உண்டு. 1956இல் தொடங்கிய காந்திகிராம கிராமிய நிறுவனத்தில் மாணவர்கள் கிராமத்திலேயே தங்கிப் பயில்வது படிப்பின் பகுதி. தேசிய அளவில் 1993 முதல் நடக்கும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையை எடுத்து ஆய்வு செய்கிறார்கள். தமிழ்நாட்டில் அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்திவந்தது. குளத்து நீரையோ குப்பையையோ பற்றிப் பிள்ளைகள் எழுப்பும் கேள்வியைக் கூடவே இருந்து செதுக்குவதை விடச் சிறந்த கற்பித்தல் பயிற்சி அறிவியல் பாட மாணவ ஆசிரியருக்கு எளிதில் கிடைக்காது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவரை ஊதியமில்லாத் தொண்டராக்குவது சுரண்டல். மாலை நேர ஊர்ப்பணி என்றால் இரவில் எப்படித் திரும்புவது என்ற கவலை பெண்களுக்கு உண்டு. ஆகவே ‘இன்னும் ஒரு முகாம்’ என்று சுமை கூட்டுவதால் பயனில்லை. இருக்கும் 16 வாரத்துக்குள், பள்ளி நேரத்துக்குள், பதிவேட்டுச் சுமையைக் குறைத்து இதற்கு இடம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் அருகிலுள்ள சில அரசுப் பள்ளிகளோடு ஆண்டுக்கணக்கில் உறவு வைத்துக்கொள்ளலாம். மேலாண்மைக் குழு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கும்போது மாணவ ஆசிரியர் உடனிருந்து குறிப்பெடுக்கலாம். இரண்டு மூன்று வீடுகளுக்கு வழிகாட்டி ஆசிரியரோடு போய்வரலாம். போக்குவரத்துச் செலவைக் கல்லூரி ஏற்க வேண்டும்.

மதிப்பெண்ணும் அதற்கேற்ப மாற வேண்டும். ஊருக்குள் போவதற்கு முன் எழுதிய பாடத்திட்டம், போய்வந்த பின் எழுதியது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்ன மாறியது, ஏன் மாறியது என்று புறத்தேர்வாளர் கேட்கட்டும். பத்து நிமிட வாய்மொழித் தேர்வு போதும். நகலெடுத்த பதிவேடு அங்கே பிழைக்காது.

2025இல் வெளியான தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் வரைவு விதிமுறைகள், நான்காண்டுப் பட்டமோ முதுகலைப் பட்டமோ பெற்றவர்களுக்கு ஓராண்டு பி.எட்.ஐ மீண்டும் கொண்டுவர முன்மொழிந்தன. காலம் சுருங்கினால் முதலில் கத்தரிக்கப்படுவது ஊரோடு பழகும் நேரமாகத்தான் இருக்கும். அதற்குமுன் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்கள் இந்த ஊர்ப்பழக்கத்தை வாய்மொழித் தேர்வின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும்.