விமான சிமுலேட்டருக்கு ஜொய்ஸ்டிக் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

என் தங்கச்சியின் மகனுக்குச் சிறுவயதிலிருந்தே விமானியாகும் ஆசை. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் அவனுக்காகப் பாவித்த ஜொய்ஸ்டிக் ஒன்றை வாங்கி, அக்குறணையிலுள்ள எங்கள் வீட்டுக் கணினியில் பொருத்திக் கொடுத்தேன். கையை எடுத்தாலும் விமானம் இடப்பக்கம் சரிந்துகொண்டே இருந்தது. ஒரு மாதம் போராடிவிட்டு, "எனக்குப் பறக்க வராது மாமா" என்றான்.

பிழை அவனில் இல்லை. ஜொய்ஸ்டிக்கின் உள்ளே சென்சர் தேய்ந்திருந்தது. அதன் பிறகு தேடி அறிந்துகொண்டவற்றை, இதே எண்ணத்தில் உள்ள பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது சென்சர்

பொத்தான்கள் எத்தனை என்பதைவிட உள்ளே என்ன சென்சர் இருக்கிறது என்பதே முக்கியம். மலிவான பலவற்றில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். அதில் ஒரு பாகம் மற்றொன்றில் உரசி நகர்வதால் நாளடைவில் தேயும், தூசும் படியும். 'ஹோல் எபெக்ட்' சென்சர் காந்தத்தால் இயங்குவது. உரசல் இல்லாததால் நீண்டகாலம் துல்லியமாக இருக்கும். த்ரஸ்ட்மாஸ்டர் டீ.16000எம் ஜொய்ஸ்டிக்கில் முன்-பின், இட-வல அசைவுகளுக்கு இவ்வகை சென்சரே உள்ளது.

த்ரொட்டில் தனியாக வேண்டுமா?

லொஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டீ புரோவில் த்ரொட்டில் என்பது அடிப்பாகத்திலுள்ள சிறிய நெம்புகோல்தான். பழகிப் பார்க்க அது போதும். ஆனால் தரையிறங்கும்போது ஒரு கை விமானத்தின் மூக்கை நிலைப்படுத்த, மறுகை இயந்திர வலுவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்க வேண்டும். அதற்குத் தனி த்ரொட்டில் வசதியானது. த்ரஸ்ட்மாஸ்டர் டீ.பிளைட் ஹோட்டாஸ் எக்ஸ் போன்ற ஆரம்பநிலைத் தொகுதிகளிலும் அது உண்டு.

எந்தக் கை?

பெரும்பாலான தொகுதிகள் போர் விமானத்தைப் பின்பற்றியவை: வலக்கையில் ஜொய்ஸ்டிக், இடக்கையில் த்ரொட்டில். ஸ்ரீலங்கன் விமான சேவை பயன்படுத்தும் ஏ320, ஏ330 போன்ற எயார்பஸ் விமானங்களில் கப்டன் இடப்பக்க ஆசனத்தில் அமர்ந்து, இடக்கையால் சைட்ஸ்டிக்கையும் வலக்கையால் த்ரொட்டிலையும் இயக்குகிறார். இப்படிப் பழக விரும்பினால், அல்லது பிள்ளை இடக்கைக்காரர் என்றால், இரு கைக்கும் பொருந்தும் டீ.16000எம் போன்றதே ஏற்றது. போயிங் விமானங்களிலும், பயிற்சிக்கு அதிகம் பயன்படும் செஸ்னா 172இலும் இருப்பது 'யோக்' எனும் கைப்பிடி. எனினும் தொடக்கத்தில் ஜொய்ஸ்டிக்காலேயே அவற்றையும் ஓட்டலாம்.

ரடர் விடயத்தில் ஏமாற வேண்டாம்

பல ஜொய்ஸ்டிக்குகளில் கைப்பிடியைத் திருகினால் ரடர் இயங்கும். விலை கூடினால் எல்லாம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஏ-10 போர் விமானத்தின் கட்டுப்பாடுகளைப் பின்பற்றிய ஹோட்டாஸ் வோர்ட்ஹொக்கில் அந்தத் திருகு வசதி இல்லை. கால் பெடல்களைத் தனியாக வாங்க வேண்டிவரும்.

பாவித்ததை வாங்கினால்

கடையிலேயே கணினியில் செருகி, விண்டோஸிலுள்ள 'கேம் கன்ட்ரோலர்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். கையை எடுத்ததும் திரையிலுள்ள குறி நடுவுக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும். த்ரொட்டிலை மெதுவாக நகர்த்தும்போது அளவு பாயக் கூடாது. சிறிய நடுக்கத்தை 'டெட் சோன்' அமைப்பால் மறைக்கலாம். ஆனால் அதைக் கூட்டினால் நுணுக்கமான அசைவுகளும் பதிவாகாமல் போய்விடும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மென்பொருளுக்கு உடனே செலவழிக்கத் தேவையில்லை. பிளைட்கியர் முற்றிலும் இலவசம். மைக்ரோசொப்ட் பிளைட் சிமுலேட்டர் நிலக்காட்சிகளை இணையத்திலிருந்து எடுப்பதால் டேட்டா வேகமாகக் கரையும்.

வீட்டில் பறக்கும் மணித்தியாலங்கள் விமானி அனுமதிப்பத்திரத்துக்குக் கணக்கில் வராது. அதற்கு இரத்மலானை போன்ற இடங்களிலுள்ள பயிற்சி நிலையங்களில் ஆசிரியருடன் உண்மையாகவே பறக்க வேண்டும். அந்தப் பெருஞ்செலவுக்கு முன்னர் பிள்ளையின் ஆர்வம் நிலைக்கிறதா என்று அறிய இது உதவும்.

ஜொய்ஸ்டிக்கை மாற்றிய வாரமே மருமகன் கட்டுநாயக்கவின் 3,350 மீற்றர் ஓடுபாதையில் இறக்கிக் காட்டினான். இப்போது அதைவிடக் குட்டையான இரத்மலானை ஓடுபாதையில் முயல்கிறான். "வராது" என்ற பேச்சு இப்போது இல்லை.